பெலற் அடுப்பு: வீட்டிலேயே பராமரிப்பதும் பழுது பார்ப்பதும்

யேர்மனியிலும் அயல் நாடுகளிலும் எம்மவர்கள் பழைய வீடுகளை வாங்கும்போது, வீட்டோடு சேர்ந்து கைமாறும் பொருள்களில் பெலற் அடுப்பும் ஒன்று. 2022இல் எரிவாயு விலை ஏறியபோது பயந்துபோய்ப் புதிதாக வாங்கியவர்களும் உண்டு. முதல் குளிர்காலம் நன்றாகப் போகும். இரண்டாவது குளிர்காலத்தில் கண்ணாடி கறுக்கும், ஏதோ ஒரு எச்சரிக்கை எண் திரையில் மின்னும், அடுப்பு அணைந்துவிடும். திருத்துபவரைக் கூப்பிட்டால் மூன்று கிழமைக்குப் பிறகுதான் நேரம் கிடைக்கும். வெளியே சுழியத்துக்குக் கீழே பத்துப் பாகை.

நாம் தொழில்நுட்பம் படித்தவர் அல்லர். வணிகத்துறையில் பட்டம் பெற்று, அகதியாக இந்நாட்டுக்கு வந்து, கணக்கு எழுதிப் பிழைப்பவர். எட்டுக் குளிர்காலமாக ஒரு பெலற் அடுப்போடு வாழ்ந்ததில் கற்றவற்றை, வீட்டில் நாமே செய்யக்கூடியது எது, செய்யக்கூடாதது எது என்று பிரித்து இங்கே எழுதுகிறோம். அடுப்புக்கு அடுப்பு வேறுபாடு உண்டு. எனவே உங்கள் அடுப்பின் கைநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். கைநூல் தொலைந்திருந்தால், அடுப்பின் பின்புறத் தகட்டிலுள்ள மாதிரி எண்ணைக் கொடுத்துத் தயாரிப்பாளரிடம் கேட்டுப் பெறலாம்.

அடுப்பு எப்படி வேலை செய்கிறது

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், மண்ணெண்ணெய் கிடைக்காமல் மரத்தூள் அடுப்பு எரித்த வீடுகள் பல. தகர வாளியின் நடுவே போத்தலை வைத்து, சுற்றிவர மரத்தூளை இறுக்கி அடைத்து, போத்தலை மெல்ல உருவி எடுப்போம். தூளை எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நேரம் நின்று எரியும். பெலற்றும் அதே மரத்தூள்தான். ஆலையில் பெரும் அமுக்கத்தில் சிறு உருளைகளாக அழுத்தப்படுகிறது. பசை எதுவும் பெரிதாகத் தேவையில்லை. அழுத்தும்போது உண்டாகும் சூட்டில் மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தூளை ஒட்டிப் பிடிக்கிறது.

அடுப்பின் மேற்புறத்தில் பெலற் கொட்டும் தொட்டி இருக்கிறது. அதன் அடியில் இறைச்சி அரைக்கும் மெசினில் உள்ளது போன்ற ஒரு சுருள்தண்டு. சிறு மோட்டார் அதை விட்டுவிட்டுச் சுழற்ற, பெலற் கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் விழுகிறது. கிண்ணத்தின் அடியிலும் பக்கங்களிலும் துளைகள் உண்டு. தொடக்கத்தில் மின்சாரத்தால் சூடாகும் ஒரு தண்டு பெலற்றைப் பற்றவைக்கிறது. அந்தச் சில நிமிடங்களில் அடுப்பு 300 முதல் 400 வாற் வரை மின்சாரம் எடுக்கும். பற்றியபின் மிகக் குறைவாகவே எடுக்கும்.

முக்கியமான உறுப்பு, புகையை வெளியே இழுக்கும் விசிறி. அது புகையை வெளியே இழுப்பதால்தான் துளைகள் வழியாகப் புதிய காற்று உள்ளே வருகிறது. அமுக்க உணரி ஒன்று இந்த இழுவை போதுமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். போதாவிட்டால் பெலற்றை நிறுத்தி எச்சரிக்கும். இன்னொரு விசிறி சூட்டை அறைக்குள் வீசும். இந்த இரண்டு காற்றும் ஒருபோதும் கலக்கக்கூடாது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. எரியும் அடுப்பின் மின் செருகியை ஒருபோதும் பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் விசிறி நிற்கும், கிண்ணத்தில் உள்ளது தொடர்ந்து புகையும், புகை அறைக்குள் வரும். முதலாம் வருடம் தூசு உறிஞ்சியைச் செருகுவதற்காக நாம் அடுப்பின் செருகியைக் கழற்றிவிட்டு, கொட்டும் பனியில் எல்லா யன்னலையும் திறந்து வைத்திருந்தோம். அணைக்கும் பொத்தானை அழுத்தி, விசிறி தானாக நிற்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

பெலற் வாங்கும்போது

பழுது என்று நாம் நினைப்பவற்றில் பாதி பெலற்றிலிருந்து வருபவை. மூட்டையில் ஈஎன்பிளஸ் ஏ1 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தரத்தின்படி ஈரம் 10 சதவீதத்துக்கும் சாம்பல் 0.7 சதவீதத்துக்கும் மேற்படக்கூடாது. எரிசக்தி கிலோவுக்குக் குறைந்தது 4.6 கிலோவாற்மணி இருக்க வேண்டும். வீட்டு அடுப்புகளுக்கு 6 மில்லிமீற்றர் விட்டமுள்ளதே வழக்கம். இரண்டு கிலோ பெலற் ஏறத்தாழ ஒரு லீற்றர் சூடாக்கும் எண்ணெய்க்குச் சமம்.

மூட்டையைத் தூக்கும்போது அடியில் தூள் தேங்கியிருப்பது தெரிந்தால் அது வழியில் அடிபட்ட பெலற். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டுப் பாருங்கள். நல்ல பெலற் இறுக்கமானது, தாழும். மிதப்பதில் எச்சரிக்கையாக இருங்கள். முதல் தடவை வாங்கும்போது நாலைந்து மூட்டை எரித்துப் பார்த்த பிறகே தொன் கணக்கில் எடுங்கள்.

நனைந்த பெலற் ஊதிப் பெருத்து உதிர்ந்துபோகும். அது சுருள்தண்டுக்குள் போனால் சீமெந்துபோல் இறுகிவிடும். மூட்டைகளை வெறும் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகைமேல் அடுக்குங்கள். பெலற் கிடந்தபடியே சிறிதளவு காபனோரொக்சைட்டை வெளிவிடும் இயல்புடையது. பெருந்தொகையைப் படுக்கையறையிலோ காற்றோட்டமில்லாத சிற்றறையிலோ வைக்கவேண்டாம். உடைந்த தளபாடம், தானியம், பழக்கொட்டை, கடதாசி எதையும் இந்த அடுப்பில் போடக்கூடாது.

துப்பரவு: எப்போது, எதை

எல்லாத் துப்பரவும் அடுப்பு முற்றாக ஆறிய பிறகே.

ஒவ்வொரு முறை பற்றவைக்க முன்னரும்: எரிகிண்ணத்தை வெளியே எடுத்துச் சாம்பலைக் கொட்டுங்கள். துளைகளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். அடைபட்ட துளையை ஆணியால் அல்லது கம்பியால் குத்தி விடுங்கள். கிண்ணத்தைத் திரும்ப வைக்கும்போது அது சரிந்திராமல் முழுமையாக அமர வேண்டும். ஒரு பக்கம் சற்று மேலே நின்றாலும் காற்று துளை வழியாகப் போகாமல் அடியால் ஓடிவிடும்; பற்றவைக்கும் தண்டின் சூடும் பெலற்றைச் சேராது. கண்ணாடியை ஈரக் கடதாசியில் சிறிது சாம்பலைத் தொட்டுத் துடைத்தால் போதும். ஊரில் சாம்பலால் பாத்திரம் மினுக்கியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கிழமைக்கொரு முறை: சாம்பல் தட்டை வெறுமையாக்கி, எரியறையின் மூலைகளைச் சாம்பல் உறிஞ்சியால் இழுங்கள். வீட்டுத் தூசு உறிஞ்சியைப் பாவிக்கவேண்டாம். சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அது பைக்குள் போனால் உறிஞ்சியே தீப்பிடிக்கும். சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே, மரத்தளத்தில் அல்லாமல் கல்லின்மேல், இரண்டு நாள் வைத்தபின் மிச்சக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சில அடுப்புகளில் வெப்பக் குழாய்களைச் சுரண்டும் ஒரு பிடி இருக்கும். அதை ஐந்தாறு தரம் இழுத்துத் தள்ளுங்கள்.

மாதத்துக்கொரு முறை: பெலற் தொட்டி வெறுமையாகும்வரை எரியவிட்டு, அடியில் தங்கிய தூளை உறிஞ்சியெடுங்கள். கதவோரக் கயிற்றைச் சோதியுங்கள். ஒரு துண்டுக் கடதாசியைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கும்போது அது பிடித்து நிற்க வேண்டும். வழுக்கி வந்தால் அந்த இடத்தில் காற்றுக் கசிகிறது. கதவைச் சுற்றிலும் ஏழெட்டு இடத்தில் இப்படிப் பாருங்கள். கயிற்றை நாமே மாற்றலாம். பழையதைப் பிய்த்து, பள்ளத்தைச் சுரண்டி, கைநூல் சொல்லும் அதே தடிப்புள்ள கயிற்றை வெப்பம் தாங்கும் பசையால் ஒட்ட வேண்டும். கயிற்றை இழுத்து நீட்டி ஒட்டினால் மெலிந்துவிடும்.

வருடத்துக்கொரு முறை: தகைமையுள்ள ஒருவரைக் கொண்டு முழுப் பராமரிப்புச் செய்விக்க வேண்டும். எரியறையின் பின்தகடுகளைக் கழற்றி, புகை விசிறியை வெளியே எடுத்து, புகைக்குழாயின் முழங்கை மூட்டுகளைத் துடைத்து, அமுக்க உணரியின் இறப்பர்க் குழாயை ஊதிப் பார்ப்பார்கள். வசந்தத்தில் அடுப்பை நிறுத்தியவுடன் செய்வித்தால் நேரமும் இலகுவில் கிடைக்கும். சாம்பல் கோடை முழுவதும் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்காமலும் இருக்கும்.

அடிக்கடி வரும் பழுதுகள்

பெலற் விழவில்லை: முதலில் தொட்டியைப் பாருங்கள். மேலே பெலற் இருக்க, அடியில் குகைபோல் வெறுமையாகியிருக்கலாம். கரண்டியால் கிளறிவிட்டால் சரி. இல்லாவிட்டால் அடுப்பை அணைத்து, ஆறவிட்டு, செருகியைக் கழற்றி, தொட்டியை உறிஞ்சி வெறுமையாக்கி, சுருள்தண்டின் வாயில் தூள் அல்லது நீளமான பெலற் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். செருகி இருக்கும்போது கையை விடவேண்டாம். அந்த மோட்டார் மெதுவானது, ஆனால் விரலை விடாது.

பெலற் விழுகிறது, பற்றவில்லை: கிண்ணம் அழுக்கா, சரிந்து நிற்கிறதா, பெலற் ஈரமா என்று வரிசையாகப் பாருங்கள். மூன்றும் சரியென்றால் பற்றவைக்கும் தண்டு போயிருக்கலாம். அது தேய்ந்துபோகும் பொருள்தான். மின்வேலை தெரிந்தவர் செருகியைக் கழற்றியபின் தண்டின் தடையை அளந்து பார்ப்பார். 230 வோல்ற்றில் 300 வாற் தண்டு என்றால் ஏறத்தாழ 176 ஓம் காட்ட வேண்டும். அளவுகருவி எதையும் காட்டாவிட்டால் கம்பி அறுந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பற்றாமல் நின்ற அடுப்பின் கிண்ணத்தில் பெலற் குவிந்திருக்கும். அதை அகற்றாமல் திரும்பவும் பொத்தானை அழுத்தக்கூடாது. குவியல் நெடுநேரம் புகைந்து, அந்தப் புகை எரியறையில் நிறைந்து, திடீரென்று பற்றினால் வெடிபோல் சத்தம் வரும். கண்ணாடியும் உடையலாம். எடுத்த பெலற்றைத் தொட்டிக்குள் திரும்பப் போடவும் கூடாது. உள்ளே ஒரு தணல் இருந்தால் போதும்.

சுவாலை செம்மஞ்சளாகச் சோம்பி ஆடுகிறது, கண்ணாடி சில மணித்தியாலத்தில் கறுக்கிறது: காற்றுப் போதவில்லை. துளைகள், கதவுக் கயிறு, வெளியிலிருந்து காற்று வரும் குழாயின் வாய், புகைக்குழாய் என்ற வரிசையில் பாருங்கள். காற்றுக் குழாயின் வெளிவாயை இலைகளும் சிலந்திவலையும் மூடியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கிண்ணத்தில் கண்ணாடிபோல் உருகிய கட்டி: பெலற்றில் மண்ணோ மரப்பட்டையோ அதிகம். அடுப்பைத் திருத்தவேண்டாம், பெலற்றை மாற்றுங்கள்.

கிறீச்சிடும் சத்தம்: சுருள்தண்டில் தூள் பிடித்திருக்கும், அல்லது விசிறியின் போல்பெயாரிங் தேய்ந்திருக்கும். விசிறியில் சத்தம் கேட்டால் குளிர்காலத்தின் நடுவில் நின்றுபோக முன்னர் மாற்றிவிடுவது மலிவு.

குசினிப் புகையுறிஞ்சி

எமக்குக் கணக்கு எழுதும் பழக்கம் விடாது. அடுப்புக்கும் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். தேதி, எரித்த மூட்டை, எடுத்த சாம்பலின் நிறை, வந்த எச்சரிக்கை, நேரம். 15 கிலோ மூட்டையில் 0.7 சதவீதம் என்றால் 105 கிராம் சாம்பல். அதற்கு மேல் வந்தால் ஒன்றில் பெலற் சரியில்லை, அல்லது அது முழுதாக எரியவில்லை.

மூன்றாவது குளிர்காலத்தில் அமுக்க எச்சரிக்கை அடிக்கடி வரத் தொடங்கியது. கண்ணாடி கறுத்தது. பெலற்றை மாற்றினோம். கயிற்றை மாற்றினோம். தேவையில்லாமல் ஒரு பற்றவைக்கும் தண்டும் வாங்கினோம். ஒன்றும் சரிவரவில்லை. ஒரு நாள் கொப்பியைப் பேரேடு பார்ப்பதுபோல் வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஏழு எச்சரிக்கையில் ஆறு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில்.

ஞாயிறு பகல் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எவருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆட்டிறைச்சிக் கறி, மீன் பொரியல், மிளகாய்த்தூள் வறுவல். அந்த வருடம்தான் பழைய புகையுறிஞ்சியைக் கழற்றிவிட்டு, மணிக்கு 600 கன மீற்றர் காற்றை வெளியே தள்ளும் புதியதொன்றைப் பூட்டியிருந்தோம். யன்னல்களை இறுக மூடிவிட்டுத்தான் சமைப்போம். கறி மணம் தாங்க முடியவில்லை என்று பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை சொன்னதிலிருந்து அப்படி. புதிய யன்னல்கள், ஒரு இடுக்கும் இல்லை. வெளியே போகும் 600 கன மீற்றருக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது வரவேண்டுமே. அது புகைபோக்கி வழியாக, அடுப்பு வழியாக வரப் பார்த்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கும் மகளுக்கும் பின்னேரம் தலையிடிக்கும். மிளகாய்ப் புகை என்று நினைத்துப் பனடோல் கொடுத்துக்கொண்டிருந்தோம். அது எதனால் வந்தது என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொப்பியை மூடிவைத்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை.

மறுநாள் எமது பகுதிக்குப் பொறுப்பான புகைபோக்கி துப்பரவாளரைக் கூப்பிட்டோம். யேர்மனியில் அவரை ஷோர்ன்ஸ்ரைன்ஃபேகர் என்பார்கள். அவர் யன்னல்களை மூடி, புகையுறிஞ்சியை முழு வேகத்தில் போட்டு, அறையின் அமுக்கத்தை அளந்தார். அறைக் காற்றை எடுத்து எரியும் அடுப்பு உள்ள வீட்டில் அது வெளியைவிட 4 பாஸ்கலுக்கு மேல் குறையக்கூடாது. எங்கள் வீட்டில் குறைந்தது. உறிஞ்சியை மாற்றியபோதே தன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அது சரிதான். அடுப்பை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டவர் அவர். நாம் வீட்டின் காற்றை மாற்றிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

தீர்வு எளிது. யன்னலில் ஒரு ஆளியைப் பூட்டினார் மின்வேலை செய்பவர். யன்னல் திறந்தால் மட்டுமே உறிஞ்சி வேலை செய்யும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்க் காரணத்தைச் சொன்னோம். நச்சு வாயு என்றதும் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. அதன்பின் அந்த எச்சரிக்கை ஒருமுறைகூட வரவில்லை.

காபனோரொக்சைட்டு

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, சோர்வு ஆகியன அறிகுறிகள். தடிமன் காய்ச்சல்போல் இருக்கும். வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனதும் குறைந்தால் சந்தேகப்படுங்கள். எல்லோரையும் உடனே வெளியே கொண்டுவாருங்கள். போகும் வழியில் யன்னலைத் திறக்க முடிந்தால் திறவுங்கள். வெளியில் நின்று 112ஐ அழையுங்கள்.

ஈஎன் 50291 என்ற தரம் எழுதப்பட்ட எச்சரிக்கைக் கருவி ஒன்றை அடுப்புள்ள அறையிலும் இன்னொன்றைப் படுக்கையறையிலும் வையுங்கள். கூரையிலுள்ள புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது. இரண்டும் வேறு. கருவியின் பின்னால் முடிவுத் தேதி இருக்கும், அதையும் பாருங்கள்.

நாம் தொடக்கூடாதவை

அமுக்க உணரியையோ வெப்ப உணரியையோ கம்பியால் இணைத்து ஏமாற்றுவது. கட்டுப்பாட்டுப் பலகையின் உள் அமைப்புகளை ஊகித்து மாற்றுவது. புகைக்குழாயைக் கழற்றி, வேறு நீளத்தில் பூட்டுவது. இவை மூன்றையும் தெரிந்தவர் ஒருவர் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னாலும் விடவேண்டாம். பின்புறத்தில் மூடியிட்ட ஒரு சிவப்புப் பொத்தான் சில அடுப்புகளில் இருக்கும். அடுப்பு மிஞ்சிச் சூடேறியதால் அது வெட்டியிருக்கும். ஆறியபின் ஒருமுறை அழுத்தலாம். திரும்பவும் வெட்டினால் திருத்துபவர் வரும்வரை அடுப்பு நிற்கட்டும்.

புதிதாக அடுப்பு வைப்பவர்கள் வாங்க முன்னரே ஷோர்ன்ஸ்ரைன்ஃபேகரிடம் பேசுங்கள். அவர் பார்த்து ஏற்றுக்கொள்ளாமல் எரிக்கக்கூடாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் எழுத்துமூல அனுமதியில்லாமல் எதையும் பூட்டவேண்டாம்.

கணக்குப் பக்கம்

கிலோவுக்கு 4.8 கிலோவாற்மணி, அடுப்பின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால், 8 கிலோவாற் அடுப்பு முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 1.85 கிலோ எரிக்கும். 15 கிலோ மூட்டை எட்டு மணித்தியாலம். உங்கள் வீட்டில் அதைவிட விரைவாக முடிந்தால் சூடு புகைபோக்கியால் போகிறது. பெரும்பாலும் வெப்பக் குழாய்களில் சாம்பல் படிந்திருக்கும்.

பெலற் விலை பொதுவாக வசந்தத்திலும் கோடையிலும் குறைவு. 2021இல் ஒரு தொன் 250 யூரோவுக்குக் கீழே இருந்தது, 2022 இலையுதிர்காலத்தில் 700 யூரோவைத் தாண்டியது. பதறி வாங்கியவர்களே அதிகம் இழந்தார்கள். மழைக்கு முன் விறகு சேர்த்த அம்மாமாரின் கணக்கே இங்கும் சரி.

யேர்மனியில் வரி கட்டுபவர்களுக்கு: வீட்டில் வந்து செய்யும் திருத்த வேலைக்கும் புகைபோக்கித் துப்பரவுக்குமான கூலி, போக்குவரத்துச் செலவு ஆகியவற்றில் 20 சதவீதத்தை, வருடத்துக்கு 1,200 யூரோ வரை, வருமானவரியிலிருந்து நேரடியாகக் கழிக்கலாம். உதிரிப்பாகத்தின் விலைக்கும் பெலற்றின் விலைக்கும் இது பொருந்தாது. விலைச்சிட்டையில் கூலி தனியாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். காசாகக் கொடுத்தால் செல்லாது, வங்கி மூலமே செலுத்த வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரர் தரும் வருடாந்தச் செலவுக் கணக்கில் தமது பங்கைக் கழிக்கலாம். எம்மவர் பலர் சீட்டில்லாமல் காசு கொடுத்துவிட்டு இதை இழக்கிறார்கள்.

ஒரு கொப்பி வாங்குங்கள். மூட்டை, சாம்பல், எச்சரிக்கை, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். பராமரிப்புச் சிட்டைகளை அதன் பின்னட்டையில் ஒட்டி வையுங்கள். அடுப்பு பழுதாகும்போது வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டில் அந்த வருடம் என்ன மாற்றினீர்கள் என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: புது யன்னல், புது உறிஞ்சி, குளியலறை விசிறி. எங்கள் கொப்பியில் அந்தப் பக்கம் மூன்று வருடம் பிந்தித்தான் தொடங்கியது.